நடுங்கியது யார் கை?

பூனாவில் ஷக்கி சார் நம்பிய பொருள் என்று எதுவுமே கிடையாது. சந்தேகப் பிராணிக்கு இந்தியில் ஷக்கி. வடாபாவைப் பிரித்து, உள்ளே வடை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கடிப்பார். யாராவது கை குலுக்கினால், உடனே தன் மோதிரத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார். குலுக்கியது கம்பெனி முதலாளியாக இருந்தாலும் சரி.

ஒருநாள் என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

"எவ்வளவு வேகம்ப்பா?"

"நாப்பதுங்க சார்."

"அது முள்ளோட அபிப்பிராயம். நெஜத்தைச் சொல்லு."

பூனாவின் கராடிப் பகுதியில் எங்கள் கம்பெனி, டாக்டர்கள் ஆபரேஷன் செய்து பழகுவதற்காக ஓர் இயந்திரப் பிடி செய்துகொண்டிருந்தது. பிடியை நகர்த்தினால் திரையில் கத்தி நகரும். கத்தி எலும்பில் பட்டால், பிடி நம் கையைத் திருப்பித் தள்ள வேண்டும். எவ்வளவு தள்ளுவது என்பது கை வரும் வேகத்தைப் பொறுத்தது. அந்த வேகத்தைக் கணக்கிடுவது என் வேலை. உள்ளே சுழலும் சக்கரத்தில் மெல்லிய கோடுகள் இருக்கும். ஒவ்வொரு நொடித்துளியிலும் எத்தனை கோடு கடந்தது என்று எண்ணினால் வேகம் வந்துவிடும். அப்படித்தான் நான் நம்பியிருந்தேன்.

சோதித்துப் பார்ப்பது ஷக்கி சார் வேலை. திரையில் எலும்பைத் தொட்டவுடன் சொன்னார்: "அரே, நடுங்குது."

நாங்கள் எல்லோரும் பிடியை வேகமாக நகர்த்தி எலும்பில் இடித்துப் பார்த்தோம். கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. சென்னைக்கார மானேஜர் என்னைத் தனியே அழைத்தார். "நடுங்கறது அவர் கைய்யா. வயசாச்சு. டாக்டருங்க வந்து பிடியப் பாத்துட்டுப் போகட்டும், அவர வீட்டுக்கு அனுப்பிடலாம்."

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அன்று சுவரை ஒட்டி நின்றது ஷக்கி சார்.

சாயங்காலம் டீக்கடையில் அவர் குடிக்கவே இல்லை. கிளாஸை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாய் ஆடுதாப்பா?"

ஊரையே சந்தேகப்பட்ட மனிதர் தன் கையைச் சந்தேகப்பட்டது எனக்குத் தாங்கவில்லை. ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "எப்படித் தொடுவீங்களோ, அப்படியே எனக்குச் சொல்லுங்க."

"மெதுவா. இன்னும் மெதுவா. இடிக்காதே, எங்க தேஹு ரோடு ஸ்டேஷனுக்கு லோக்கல் ரயில் வர்ற மாதிரி வா."

ஊர்ந்து போய்த் தொட்டேன். என் கைக்குள் பிடி கொசு மாதிரி ரீங்காரம் போட்டது. அவர் கை அவர் மடியில் இருந்தது!

"மெதுவாப் போனா பல நொடித்துளிக்குக் கோடே கடக்காது. பூஜ்யம், பூஜ்யம்னு சொல்லிட்டு, ஒண்ணு கடந்ததும் உன் கணக்கு எகிறிக் குதிக்குது. எங்க ஸ்டேஷன்ல நிமிஷத்துக்கு எத்தனை வண்டின்னா எண்ணுவ? ஒரு வண்டிக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு நேரம்னு பாரு."

ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே ஆகும் நேரத்தை அளந்தேன். ரீங்காரம் நின்றது. வந்த டாக்டர்களும் எலும்பை மெதுவாகத்தான் தொட்டார்கள். எங்களைப்போல் இடிக்க அவர்களுக்கென்ன பைத்தியமா? பிடி நடுங்கவில்லை. ஷக்கி சாரை வீட்டுக்கு அனுப்பும் பேச்சு அப்புறம் எழவே இல்லை.

சில வருடங்கள் கழித்து முறைப்படி ஓய்வு பெற்றார். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ நடுங்கியது.

"யார் கைப்பா?"

"என்னோடதுதான் சார்."

தலையாட்டிவிட்டுப் படி இறங்கினார். கண்ணைவிட்டு மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். மோதிரத்தை அவர் தடவிப் பார்க்கவே இல்லை.