பக்கத்து சீட்டு பிரேக்

வண்டி மறுபடியும் குலுங்கி நின்றது. மாஸ்டரின் நெஞ்சு ஸ்டியரிங்கில் போய் இடித்தது.

“எதுக்குடி இப்ப மிதிச்ச?”

“பூனை குறுக்க வந்துச்சுங்க,” என்றாள் மனைவி.

“போன தடவையும் பூனைன்னுதானே சொன்ன?”

“அது வேற பூனை.”

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்த டிரைவிங் ஸ்கூல் வண்டிதான் இது. ஓட்டப் பழகுகிறவனை நம்ப முடியாது என்பதால் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் வைத்து, அதை டிரைவர் பக்கத்து பிரேக்கோடு கம்பி போட்டுக் கோர்த்திருக்கும். பகலில் மாஸ்டர் அந்தச் சீட்டில் உட்கார்ந்து மிதிப்பார். இரவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வருவதென்றால் அவர் இந்தப் பக்கம், மனைவி அந்தப் பக்கம், பிரேக் அவள் காலடியில். கல்யாணமான எல்லா ஆண்களுக்கும் உள்ள நிலைமைதான். இவருக்கு மட்டும் கம்பி போட்டே கோர்த்திருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் கெட்டிக்காரர். இரண்டு லாரிகளுக்கு நடுவில் வண்டியைப் பின்பக்கமாகச் செருகிவிட்டு, கதவைத் திறக்க இடம் இல்லாமல் ஜன்னல் வழியாக இறங்கி வருவார். அவர் பேரில் இதுவரை ஒரு கேஸ் கிடையாது. வகுப்பில் கொட்டாவி விட்டான் என்பதற்காக ஒருவனை நடுரோட்டில் இறக்கிவிட்டு வந்தவர். அவரிடம் போய் தப்பு சொல்ல யாருக்கும் வாய் வந்ததில்லை. சொன்னால் அவர் நம்பவும் மாட்டார்.

“தங்கச்சிதான் ராத்திரி தங்கிட்டுப் போகச் சொன்னாளே,” என்றாள் மனைவி.

“விடிஞ்சா கிளாஸ் இருக்கு. உன் தங்கச்சியா வந்து எடுப்பா?”

“விருந்துல நல்லா சாப்பிட்டிருக்கீங்க. கொஞ்சம் நிறுத்தி, காலாற நடந்துட்டுப் போகலாமே.”

“நடக்கறதுக்கு எதுக்குடி காரு?”

ரேடியோவில் பழைய பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் விரலால் தாளம் போட்டார். இரண்டு வரி போயிருக்கும். டமாலென்று ஒரு பிரேக். பார்த்தால் ரேடியோவில் வானிலை அறிக்கை.

“ஸ்டேஷனை ஏன் மாத்தின?”

“நான் தொடலைங்க.”

“பாட்டு எங்க போச்சு?”

“முடிஞ்சு போச்சு.”

“ரெண்டு வரியிலயா?”

“அந்தக் காலத்துப் பாட்டு. சின்னதாத்தான் இருக்கும்.”

மாஸ்டர் மறுபடி வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் முன்னால் ஒரு டார்ச் வெளிச்சம் மேலும் கீழும் ஆடியது. போலீஸ்.

மாஸ்டர் வேகத்தைக் குறைத்தார். அடுத்த வாரம் ஸ்கூல் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். நடத்துகிறவர் பேரில் ஒரே ஒரு கேஸ் இருந்தாலும் போதும், பலகையைக் கழற்றி அடுப்பில் வைக்க வேண்டியதுதான்.

ரோட்டோரத் தடுப்புப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு பெண் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, “வணக்கம் சார். கொஞ்சம் சிரமம் பார்க்காம இறங்குறீங்களா?” என்றார். போலீஸ் மரியாதையாகப் பேசினால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மாஸ்டர் ஜாக்கிரதையாக இறங்கினார்.

“வண்டி தவளை மாதிரி தத்தித் தத்தி வருதே. ஊதுங்க பார்ப்போம்.”

மாஸ்டர் ஊதினார். கேட்காமலே இன்னொரு தடவையும் ஊதிக் காட்டினார். மெஷின் பூஜ்யம் காட்டியது.

“பாத்தீங்களா மேடம்? ஒரு சொட்டு கிடையாது.”

“அப்ப குடிக்காமலே இப்படித்தான் ஓட்டுவீங்களா?”

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் உதவிக்கு வந்தார். “மேடம், இவரு நம்ம மாஸ்டர். நான் இவர்கிட்டதான் வண்டி பழகுனேன்.”

“ஓ, போன மாசம் ஜீப்பை மரத்துல கொண்டுபோய் விட்டியே, அது இவர் சொல்லிக்கொடுத்ததுதானா?”

கான்ஸ்டபிள் ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

நிலைமை கைமீறுவதைப் பார்த்த மாஸ்டர், உள்ளே கையைக் காட்டினார். “எல்லாம் இவளால மேடம். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. சும்மா சும்மா மிதிக்கிறா. பூனைங்கிறா. இந்த ரோட்டுல எங்க மேடம் பூனை?”

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். “ஏம்மா, அப்படியா?”

“ஆமா மேடம். எனக்கு ராத்திரியில பயம்.”

“சரி, பின் சீட்டுக்குப் போயிடுங்க.”

“மாட்டேன் மேடம்.”

அவள் சொன்ன விதத்தில் இன்ஸ்பெக்டரே ஒரு நொடி அசந்துபோனார். ஸ்டேஷனில் அவரிடம் இப்படி யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது.

“ஏன் மாட்டீங்க?”

“பின்னாடி உக்காந்தா தலை சுத்தும். வாந்தி வரும். வண்டி புதுசா கழுவினது.”

“இருங்க மேடம், இதுக்கு நான் வழி பண்றேன்,” என்றார் மாஸ்டர். டார்ச்சை வாங்கிக்கொண்டு மனைவியின் காலடியில் தலையை விட்டார். அந்தக் கம்பியைக் கோர்த்திருந்த இரும்புப் பின்னைக் கண்ணை மூடிக்கொண்டே கழற்றிவிட்டு வெளியே வந்தார். வேலைக்காரர் வேலைக்காரர்தான். பின்னைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டு, “இனிமே நீ தையல் மெஷின் மாதிரி மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது,” என்றார்.

மனைவியின் முகம் வெளுத்தது. “மறுபடி மாட்டிடுங்க. சொன்னா கேளுங்க.”

“முடியாது.”

இன்ஸ்பெக்டர் யோசித்தார். “சரி, போங்க. கான்ஸ்டபிள் உங்க வீடு வரைக்கும் பைக்ல பின்னாடியே வருவார். வண்டி ஒழுங்கா போச்சுன்னா சந்தோஷம். இன்னொரு தடவை தத்துச்சுன்னா கேஸ்தான் சார். பழி யார் மேலயும் போட முடியாது.”

வண்டி புறப்பட்டது. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் போயிற்று. பின்னால் பைக்கின் வெளிச்சம் ஒட்டிக்கொண்டு வந்தது.

“பாத்தியா? இதுக்குப் பேருதான் டிரைவிங்,” என்றார் மாஸ்டர்.

“ஆமாங்க. அதை உங்க அண்ணன் பாக்கலையே. நீங்க ஓட்டுறதைப் பாத்தா மாடு மேய்க்கிற மாதிரி இருக்குன்னு இன்னைக்கு விருந்துலகூடச் சொன்னாரு.”

“எவன்? அவனா? அவன் சைக்கிள்லயே ரெண்டு தடவை விழுந்தவன்டி!”

“உங்க அக்காவும் சிரிச்சாங்க.”

“அவ ஏன் சிரிக்க மாட்டா?” என்று ஆரம்பித்து, அக்கா, அக்கா வீட்டுக்காரர், அவர்கள் வீட்டு வாசற்படி வரை மாஸ்டர் ஒரு பிடி பிடித்தார். அத்தனை கோபத்திலும் வண்டி கோடு கிழித்தது போல் போனது. பிறகு, பெண்பிள்ளையிடம் என்ன பேச்சு என்று கௌரவமாக வாயை மூடிக்கொண்டார்.

உடனே அரை பாட்டில் தண்ணீர் அவர் தலையில் கொட்டியது.

“அடியே!”

“குடிக்க எடுத்தேன். கை தவறிடுச்சு.”

“குடிக்கிற தண்ணி உன் வாய்க்குப் போகாம என் தலைக்கு ஏன்டி வருது?”

வண்டி சற்றே வளைந்தது. பின்னால் பைக் ஹாரன் அடித்தது. மாஸ்டர் ஈரத்தோடு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். இன்னும் கொஞ்ச தூரம்தான், பெட்ரோல் பங்க் வந்தால் வீடு வந்த மாதிரி. இன்று வீட்டுக்குப் போய் இவளிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்தார். என்ன என்ன பேசாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே வந்தார்.

“என்னங்க,” என்று எங்கோ தூரத்தில் கேட்டது. பதில் சொல்லக் கூடாது என்று இருந்தார்.

மறுகணம் சக்கரங்கள் கிறீச்சிட்டன. வண்டி பம்பரம் மாதிரி பாதிச் சுற்றுச் சுற்றி, ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. மனைவி இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த கான்ஸ்டபிள் பைக்கோடு ரோட்டோரப் புதருக்குள் போனார்.

மாஸ்டர் இறங்கி ஆடித் தீர்த்தார். “பின்னைக் கழட்டினா ஹேண்ட் பிரேக்கா? நாளைக்கு ஸ்டியரிங்கையே பிடுங்கிடுவ போலிருக்கே! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டியே!”

புதரிலிருந்து வாக்கிடாக்கியில் சத்தம் போயிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் குறுக்கே நிற்கும் வண்டியைப் பார்த்தார். தலை சொட்டச் சொட்ட நிற்கும் மாஸ்டரைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

“கேஸ் எழுதுங்க மேடம்,” என்றார் மாஸ்டர். “ஆனா இவ பேர்ல எழுதுங்க. கட்டின பெண்டாட்டிதான், இருந்தாலும் நியாயம் நியாயம்தான். ஓடற வண்டியில ஹேண்ட் பிரேக்கை இழுத்தவ இவ.”

“நீங்க என்னம்மா சொல்றீங்க?”

அவள் சேலைத் தலைப்பால் மாஸ்டரின் தலையைத் துவட்டிவிட வந்தாள். மாஸ்டர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

“அவர் சொல்றது சரிதான் மேடம். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. எம்பேர்லயே எழுதிக்கோங்க. அவர் பேர்ல மட்டும் ஒரு புள்ளி விழ வேணாம். அந்த ஸ்கூலை நம்பித்தான் நாங்க இருக்கோம்.”

தன் தலையில் தானே பழியை எடுத்துப் போட்டுக்கொள்கிற ஆளை இந்தக் காலத்தில் விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும். யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்று தினமும் பார்க்கிற இன்ஸ்பெக்டரும் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அவள் கண்ணில் பயம் மட்டும் தெரியவில்லை.

“அவளே ஒத்துக்கிட்டா பாருங்க. எழுதுங்க,” என்றார் மாஸ்டர்.

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திறந்தார். தலையில் இலையும் முள்ளுமாகப் புதரிலிருந்து ஏறி வந்த கான்ஸ்டபிள், மாஸ்டரைப் பார்க்கக் கூசித் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“எழுதாதீங்க மேடம், நான் பின்னாடியேதான் வந்தேன், தண்ணி ஊத்துனதும் சரி, பிரேக்கை இழுத்ததும் சரி, மாஸ்டர் தூங்கித் தலை தொங்கினதுக்கு அப்புறம்தான்.”