மூன்று டைரக்டர்கள்

இன்னும் இருபத்தாறு மணித்தியாலம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் துஷ்யா எல்லாவற்றையும் முடித்துக் கொடுக்க வேண்டும். மருந்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆறு மாத ஒப்பந்த வேலை. ஒரு வருடமாக அலைந்து, இப்போதுதான் கிடைத்திருந்தது. வேலையைப் பிடித்துக்கொடுத்த ஏஜென்சிக்காரி கேட்டது ஒன்றுதான்: சொந்தமாக லிமிடெட் கொம்பனி தொடங்கி வருகிறாயா, இல்லை, அம்பிரெல்லா கொம்பனி ஒன்றில் சம்பளத்துக்குச் சேர்ந்து அவர்கள் மூலமாக வருகிறாயா? தவறினால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

துஷ்யாவுக்கு அம்பிரெல்லாதான் சுலபமாகத் தெரிந்தது. அதை வாய்திறந்து சொல்வதற்குள் அப்பா மாமாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

சற்குணம் மாமா அம்மாவின் அண்ணன். உறவுக்குள் சொந்தக் கொம்பனிக்காரர் என்று பெயர் எடுத்தவர் அவர் ஒருவர்தான். கல்யாண அழைப்பிதழில்கூடத் தன் பெயருக்குப் பின்னால் 'டைரக்டர்' என்று போடச் சொல்லுவார். பொழுதுபடமுன் லண்டனின் மறுகோடியிலிருக்கும் எட்மண்டனிலிருந்து மாமியோடு வந்து, துஷ்யாவின் கோலியர்ஸ் வுட் வீட்டுச் சோபாவை நிறைத்தார்.

"அம்பிரெல்லாவோ?" மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆரோ ஒருத்தன் உன்ரை காசை வாங்கி, தன்ரை பங்கைக் கிள்ளிப்போட்டுத் தருவான். படிச்ச பிள்ளை கைகட்டி நிக்கிறதே?"

"ஆறு மாசத்துக்குத்தானே மாமா..."

"லிமிடெட்! கண்ணை மூடிக்கொண்டு லிமிடெட்!"

சுசிலா மாமி பெருமையோடு கணவரைப் பார்த்தாள்.

உடனே லாப்டொப் திறக்கப்பட்டது. கொம்பனிக்கென்று அம்மா சொன்ன அம்மன் பெயர்கள் ஐந்தையும் யாரோ ஏற்கெனவே பதிந்திருந்தார்கள். ஆறாவது அம்மன் கிடைத்தபோது டைரக்டர் யார் என்ற கேள்வி வந்தது.

"பொம்பிளைப்பிள்ளை தனிய நிண்டால் நல்லாயிராது. என்னையும் போடு," என்றார் அப்பா.

"அப்ப அண்ணையை விடேலுமே? மனம் நோகுமெல்லே," என்று அம்மா துஷ்யாவின் காதுக்குள் சொன்னாள்.

மாமா மூன்று தரம் "எனக்கெதுக்கு உதெல்லாம்" என்றார். நாலாம் தரம் பிறந்த திகதியைச் சொன்னார்.

மறுநாள் காலையில் கொம்பனி பிறந்தது. அம்மா கேசரி கிண்டினாள். ஏஜென்சிக்காரி கொம்பனியின் பெயரில் வங்கிக் கணக்குக் கேட்டாள். வங்கியோ மூன்று டைரக்டர்களின் அடையாளத்தையும், ஐந்து வருட விலாசங்களையும் கேட்டது. அப்பா ஜெர்மனியிலிருந்து வந்து நாலு வருடம்தான்.

"டோர்ட்முண்ட் வீட்டு நம்பர் என்னப்பா?"

"நம்பர் ஆருக்கு ஞாபகம்? பச்சைக் கதவு எண்டு போடு."

மாமாவோ போனையே எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அவர் எப்போதும் மீட்டிங்கில்தான் இருப்பார்.

"அப்ப மாமாவைக் கழட்டுவம்," என்றாள் துஷ்யா.

"கழட்டினால் மாமி உன்ரை கலியாணத்துக்கு வராள்."

"எனக்கு இன்னும் மாப்பிள்ளையே பாக்கேல்லையேயம்மா."

"பாக்கிறதும் மாமிதான்."

சரிபார்க்க ஐந்து வேலைநாள் ஆகும் என்று வங்கி அறிவித்தது. அப்பா கேசரியில் கை வைத்தபடி, "அவங்களை அஞ்சு நாள் பொறுக்கச் சொல்லன்," என்றார்.

நாலு மணி தாண்டிவிட்டது. துஷ்யா குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். அழுவதற்குத்தான் போனாள். முகத்தைக் கழுவிவிட்டு, ஏஜென்சி ஏற்றுக்கொள்ளும் ஒரே அம்பிரெல்லா கொம்பனிக்குப் போன் எடுத்தாள். தன் பெயரை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்லி, இன்றைக்கே சேர முடியுமா என்று கெஞ்சினாள். வாழ்க்கையில் அவள் ஒருவரிடம் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

மறுமுனையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். குரல் தமிழில், மிக மெதுவாக வந்தது:

"பிள்ளை, மாமா கதைக்கிறன்... வெள்ளிக்கிழமையில நாலு மணிக்குப் பிறகு ஆக்களைச் சேர்க்க ஏலாது. நேற்று எடுத்திருந்தால் பத்து நிமிசத்தில நானே சேர்த்துவிட்டிருப்பன், என்ரை கொம்பனியை மூடிப்போட்டு மூண்டு வருசமாய் இஞ்சைதானே சம்பளத்துக்கு நிக்கிறன்."