நம்பகமான மூலம்

"சாயங்காலம் பூரா உட்கார்ந்தேன் மம்மி. ஒண்ணும் வரல."

ஜேக்கப் செருப்பை வாசலில் உதறிக்கொண்டே இதைச் சொன்னபோது அவன் அம்மா மெட்டில்டா அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். மெட்டில்டா ஆஸ்பத்திரியில் சீனியர் நர்ஸ். இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் சும்மா விட்டுவிடுகிற உத்தியோகம் அல்ல அது.

"கொஞ்சம்கூடவா வரல?"

"முதல்ல கொஞ்சம் வந்துச்சு. அப்புறம் அப்படியே நின்னுடுச்சு. பின்னாடி ஆளுங்க காத்துட்டு நிக்கிறாங்க, எத்தனை நேரம்தான் உட்கார்றது? எழுந்து வந்துட்டேன்."

மெட்டில்டா தாளிப்பிலிருந்து இரண்டு மிளகாயைக் கரண்டியால் எடுத்து வெளியே போட்டாள்.

அவன் சொன்னது சரஸ்வதிபுரத்து பிரவுசிங் சென்டரைப் பற்றி. தொண்ணூறுகளின் கடைசி அது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் ஃபேன் இருக்கிறதா என்று யாரும் கேட்காத மைசூர். இன்டர்நெட் என்பது அப்போது சத்தம் போட்டுக்கொண்டு வருகிற விஷயம். மோடம் முதலில் கீச்சிடும், அப்புறம் கரகரக்கும், அப்புறம் யாரோ தொண்டையைப் பிடித்த மாதிரி நிசப்தம். அந்த நிசப்தத்தில் ஒரு அறை முழுக்க ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இன்று நினைத்தாலும் அந்தச் சத்தத்துக்கு மனசு ஏங்குகிறது. ஏன் என்றுதான் தெரியவில்லை. படங்கள் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கும். ஜேக்கப் தேடியது பூமியின் படம். வட துருவம் வரும். ஐரோப்பா வரும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வரும்போது கரண்ட் போய்விடும். தென் துருவத்தை அவன் அந்த வருஷம் பார்க்கவே இல்லை.

எம்.எஸ்ஸி. புவியியல் கடைசி வருஷம். 'மைசூரின் தட்பவெப்பம் மாறுகிறதா?' என்பது அவன் ஆய்வு. மாதக் கடைசிக்குள் அதில் ப்ரொஃபசர் பசவராஜின் கையெழுத்து விழாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. ஒரு வருஷம் போச்சு.

லைப்ரரி புத்தகம் ஒன்றை நம்பி, உலகம் சீக்கிரமே பனியில் உறையப்போகிறது என்று முதலில் எழுதிக் கொடுத்தான். பசவராஜ் சார் நின்றபடியே புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "இது நான் படிக்கிற காலத்துப் புஸ்தகம். இன்டர்நெட்ல போய்த் தேடு. ஆனா நம்பகமான மூல வேணும்."

'மூல' என்றால் கன்னடத்தில் ஆதாரம், எடுத்த இடம். ஜேக்கப் படித்ததெல்லாம் கன்னடம். வீட்டில் மட்டும்தான் தமிழ். கன்னடச் சொல்லின் வாலில் ஒரு 'ம்' ஒட்டினால் அது தமிழாகிவிடும் என்பது அவனுடைய மொழிக் கொள்கை. பெரும்பாலும் அது சரியாகவே வரும். அதுதான் வினை.

"ஏன்டா சாப்பிடாம உட்கார்ந்திருக்க?" என்றாள் மெட்டில்டா.

"மூலம்தான் மம்மி பிரச்சினை."

மெட்டில்டா கரண்டியைக் கீழே வைத்தாள். இருபத்திரண்டு வயசு. இவன் அப்பாவுக்கே நாற்பதுக்கு மேல்தான் வந்தது.

"பைல்ஸா?" என்று கேட்டாள், மெதுவாக.

"ஆமா, பைல்ஸ்தான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதாடா? எத்தனை?"

"மூணு. ரெண்டு சின்னது, அது ஒண்ணும் பண்ணாது. இன்னொண்ணு ரொம்பப் பெரிசு. பாதி இறங்கி நின்னுடுச்சு. மேலயும் போகல, கீழயும் வரல."

கம்ப்யூட்டரைப் பற்றி அம்மா இவ்வளவு அக்கறையாகக் கேட்டது ஜேக்கப்புக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. மெட்டில்டாவுக்கும் கண் கலங்கியது.

மறுநாளிலிருந்து வீட்டில் காரம் நின்றது. காலையில் மோர், மத்தியானம் கருணைக்கிழங்கு மசியல், ராத்திரி அதே மசியல். அவன் படிக்கிற மர நாற்காலியில் ஒரு பஞ்சு மெத்தை வந்தது. நடுவில் வட்டமாக ஓட்டை. மூளைக்கு உழைப்பவர்களுக்கு அமெரிக்காவில் இப்படித்தான் தைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் ஜேக்கப். படிப்புக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற வீடு யாருக்குக் கிடைக்கும்?

ஆனால் தேடல் நகரவில்லை. சுழலும் உருண்டையும் பளபள எழுத்துமாக ஒரு பக்கம் கிடைத்தது. பூமி சூடாகவே இல்லை, எல்லாம் புரளி என்றது. சந்தோஷமாக அச்செடுத்துக்கொண்டு ஓடினான்.

"இதை எழுதினது யார்?" என்றார் பசவராஜ்.

"தெரியல சார்."

"நடத்துறது யார்னு அடியில பார்."

அடியில் பார்த்தான். நிலக்கரி விற்கிறவர்கள்.

அடுத்தது ஒரு கல்லூரியின் இன்டர்நெட் விலாசத்தில் இருந்தது. இதைவிட நம்பகம் என்ன வேண்டும் என்று அதைக் கொண்டுபோனான். சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டாம் பக்கத்தைப் படித்தார். "இங்க பார். 'என் நாயின் பெயர் பட்டன். எனக்குப் பனி பிடிக்கும்.' இது யாரோ ப்ரொஃபசரோட பையன் எழுதின ஸ்கூல் ஹோம்வர்க்கப்பா."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஜேக்கப் வீட்டுக்கு வந்து ஓட்டை மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"வலிக்குதா?" என்றாள் மெட்டில்டா.

"மனசுதான் வலிக்குது."

"பேசாம டாக்டர்கிட்ட காட்டிடலாம்டா."

"டாக்டர் பசவராஜ்கிட்டதானே மம்மி இன்னிக்கு காட்டினேன்?"

"அவர் உங்க ப்ரொஃபசர் இல்ல? அவர்கிட்ட எதுக்குடா காட்டின?"

"அவர்கிட்டதானே காட்டணும்? கிளாஸ்ல எல்லாரும் வரிசையா நின்னு காட்டினோம். என்னோடதைப் பார்த்துத்தான் எல்லாரும் சிரிச்சாங்க. சார் கண்ணாடி போட்டுக்கிட்டு நல்லா உத்துப் பார்த்தார். இது சரியில்ல, போய் இன்னும் உட்காருன்னுட்டார்."

மெட்டில்டா அடுப்பை அணைத்தாள். பைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதன் பலன் ஜெபக்கூட்டத்தில் தெரிந்தது. வயதில் பெரியவர்கள்தான் அதிகம். முன்வரிசையில் பாடகர் குழுவின் ஸ்வீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் தன் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே ஜேக்கப் மூன்று கிறிஸ்துமஸாக ட்ரம் வாசித்துவருகிறான்.

போதகர் கண்ணை மூடினார். "ஆண்டவரே, எங்கள் தம்பி ஜேக்கப்பின் மூலத்துக்காக மன்றாடுகிறோம். அவன் படுகிற பாடு உமக்குத் தெரியும்."

"ஆமென்" என்றது கூட்டம், ஆழ்ந்த அனுபவத்தோடு.

ஜேக்கப் மூடிய கண்ணைத் திறந்தான். புவியியலுக்காக ஒரு சபையே ஜெபிக்கிறது. எழுந்து நன்றி சொல்லாவிட்டால் மரியாதையில்லை.

"எல்லாருக்கும் தேங்க்ஸ். என் ஒருத்தனோட மூலம்னு நினைக்காதீங்க. உலகம் பூராவும் இந்தத் தேடல்தான். சூடு ஜாஸ்தி ஆயிட்டே போகுது. இப்பவே நாம கவனிக்கலேன்னா நம்ம பிள்ளைங்க உட்கார இடமே இருக்காது."

பெரியவர்கள் உருக்கமாகத் தலையாட்டினார்கள். ஸ்வீட்டி திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வையில் காதல் இல்லை, நிறைய கருணை இருந்தது. அதையும் அவன் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டான்.

ஜெபம் வீண்போகவில்லை. அந்த வாரமே கரண்ட் போகாத ஒரு காலை அமைந்தது. இப்போது அவனுக்குத் தேடத் தெரிந்திருந்தது. யார் எழுதியது, எந்த வருஷம், யார் காசு, இதையே சம்பந்தமில்லாத இன்னொருத்தரும் சொல்கிறாரா என்று கேட்டுக் கேட்டு வடிகட்டினான். ஐ.நா. குழுவின் அறிக்கை வந்தது. கடல் நடுவில் ஒரு எரிமலைத் தீவில் வருஷக்கணக்காகக் காற்றை அளந்து வரைந்த கோடு ஒன்று வந்தது. மெல்ல மெல்ல, இடமிருந்து வலமாக, ஏறிக்கொண்டே போனது அந்தக் கோடு. அது முழுதாக இறங்கும்வரை ஜேக்கப் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே மரத்தடி குளுகுளுவென்று இருந்தது. இந்த ஊருக்குமா என்று முதல் தடவையாக அவனுக்கு லேசாக பயம் வந்தது.

அச்செடுத்த தாள்களோடு வெளியே வந்தபோது ஹனூர்க்காரன் மதன் சைக்கிளை நிறுத்தினான். வகுப்புத் தோழன். ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தான்.

"ஏன்டா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றான். "எங்க காட்டோரம் துத்தி இலை கொட்டிக் கிடக்குது. ஆன்ட்டி சொன்னாங்கன்னு ஒரு பை நிறைய பறிச்சுக் குடுத்துப்போட்டு வந்தேன்."

"எதுக்கு இலை?"

"உன்ற மூலத்துக்குத்தான்."

"மூலம் கிடைச்சாச்சுடா. இதோ பாரு, முப்பது பக்கம்."

மதன் தாள்களைப் பார்த்தான். ஜேக்கப்பைப் பார்த்தான். சைக்கிளை ஸ்டாண்டு போட்டான். "மூலம்னா என்னன்னு நீ நெனைச்சிட்டிருக்கற?"

"சோர்ஸ்."

மதன் அவன் காதருகே குனிந்து தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னான். ஜேக்கப்பின் முகம் தட்பவெப்ப வரைபடம் மாதிரி நிறம் மாறியது. மசியல், மெத்தை, போதகர், ஸ்வீட்டி என்று எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"அம்மா இப்ப எங்கடா?"

"இலைப் பையோட உங்க ப்ரொஃபசரைப் பார்க்கக் கிளம்பிட்டாங்க. பையன் உட்கார முடியாம இருக்கறான், எதுக்கு இப்படி இம்சை பண்றீங்கன்னு கேக்கப்போறாங்களாம்."

மதனின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு குக்கரஹள்ளி ஏரிப் பக்கமாக ஜேக்கப் மிதித்த மிதியை அன்று நடைக்கு வந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ப்ரொஃபசரின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே அம்மாவின் கன்னடம் கேட்டது. நடுநடுவே சாரின் குரல், ரொம்பத் தணிவாக. டிபார்ட்மென்டைப் பெருக்கித் துடைக்கிற லிங்கம்மா தாழ்வாரத்தில் காபி டம்ளர்களோடு நின்றாள். "உள்ளே யாரையும் விடாதேன்னு சொல்லியிருக்காரு" என்றாள்.

ஒரு வழியாகக் கதவு திறந்தது. மெட்டில்டா வெறுங்கையோடு வெளியே வந்து, "நல்ல மனுஷன்டா. பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டு டியூட்டிக்கு நேரமாயிற்று என்று பஸ் பிடிக்கப் போனாள்.

ஜேக்கப் முதல் தடவையாக அந்த அறைக்குள் நுழைந்தான். மூலையில் பூப்போட்ட துணி மூடிய ஒரு கம்ப்யூட்டர். பக்கத்தில் மோடமும் டெலிபோனும். பசவராஜ் சார் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"சார், மூல கொண்டுவந்திருக்கேன். இந்தத் தடவை எல்லாத்தையும் விசாரிச்சுட்டேன்."

"வேண்டாம்பா, வை." அவன் பையிலிருந்த ஆய்வை வாங்கி, நின்றபடியே கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "உங்க தாயார் எல்லாம் சொன்னாங்க. போய் ரெஸ்ட் எடு. மோர் நிறைய குடி."

வருஷம் பிழைத்தது. ஆனால் ஜேக்கப் சந்தோஷமாக வெளியே வரவில்லை. முப்பது பக்கத்தில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. இல்லாத வியாதிக்குக் கிடைத்த கையெழுத்து. நம்பகமான மூலம் தேடி இத்தனை நாள் அலைந்தவன் இப்படி ஒரு பொய்யை வைத்துக்கொண்டு எப்படிப் பாஸாவது?

"லிங்கம்மா, நான் உள்ளே போய் உண்மையைச் சொல்லிடறேன்" என்றான். "எனக்கு அந்த வியாதியே கிடையாது."

லிங்கம்மா காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"உனக்கு இல்லேன்னா என்னப்பா, சாருக்கு இருக்கே. இல்லேன்னா அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி அவரே உட்கார்ந்து தேடியிருக்கமாட்டாரா?"