மச்சான், மோதிரம் கேட்டு வர வேண்டாம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் சொல்லச் சொல்ல, பக்கத்துக் கடைத் தையல்காரர் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் மிச்சமிருக்கும் நானும் மகளும். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் நல்லதுதான், பயணத்தைத் தள்ளிப்போடலாம்.

தங்கையின் மோதிரத்தை வாங்கிப்போக வருவதாகச் சொல்லியனுப்பினீர்கள். உங்கள் அம்மா தன் விரலிலிருந்து கழற்றி அவளுக்குப் போட்டது, அம்மா ஞாபகமாக உங்களுக்கு வேறெதுவும் இல்லை, கேட்பது நியாயம். ஆனால் வர வேண்டாம். படி வழுக்குகிறது, குழாய் ஒழுகுகிறது, கட்டிலுக்கு ஒரு கால் ஆட்டம். "இதெல்லாம் ஒரு காரணமாய்யா? உண்மையச் சொல்லும், இல்லன்னா வேற ஆளப் பாரும்" என்று தையல்காரர் பேனாவை மூடிவிட்டார். சரி, உண்மை. மோதிரம் இல்லை. திருட்டுப் போகவில்லை, விற்கவும் இல்லை. பூசணத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

கத்தாதீர்கள், கேளுங்கள். ஊரார் வீட்டுச் சுவர்ப் பூசணத்தைச் சுரண்டி மருந்தடித்தே பிழைத்தவன் நான். என் வீட்டு அலமாரிக்குப் பின்னால் கருகருவென்று படர்ந்திருந்ததை மட்டும் நான் பார்க்கவில்லை. அதுதான் உங்கள் தங்கையின் நுரையீரலில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று, "அடுத்தவன் சுவரத்தான் தொடைப்பீரோ?" என்று கேட்டீர்கள். நீலச் சட்டை போட்டிருந்தீர்கள், இரண்டாவது பொத்தான் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு எதையும் குறித்து வைக்க வழியில்லை, எல்லாம் மண்டைக்குள்ளேயே கிடக்கும். (பொத்தானைத் தைத்தாயிற்றா என்று தையல்காரர் கேட்கிறார்.)

ஆஸ்பத்திரியில் அவள் விரல் வீங்கி, நர்ஸம்மா மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார். அவள் போன பிறகு, அது இரண்டு துண்டாக வீட்டில் கிடந்தபோதுதான் மகளுக்கு வேலையில் சோதனை வந்தது. அவள் ஆய்வுக்கூடத்தில் பூசணம் வளர்க்கிறாள், மச்சான். நான் கொல்ல, அவள் வளர்க்க, அப்படியொரு குடும்பம். கண்ணுக்குத் தெரியாத தங்கத்தூள் மிதக்கும் தண்ணீரில் அதை வளரவிட்டால், அது நூல் நூலாக நீள, தூள் அந்த நூல்மேல் வரிசையாக ஒட்டிக்கொள்ளுமாம். உயிரோடு இருக்கும்வரைதான் ஒட்டும். ஒட்டி முடிந்ததும் உலையில் வைத்தால் பூசணம் எரிந்துபோய், மயிரைவிட மெல்லிய தங்கக்குழாய் மட்டும் நிற்குமாம். தங்கம் வாங்க மேலிடத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்தார்கள். செய்து காட்டாவிட்டால் அவள் இடம் வேறொருவருக்கு. நான்தான் துண்டுகளை எடுத்து நீட்டினேன். "அப்பா, அது அம்மா" என்றாள். "அம்மா இருந்தா அவளே குடுத்திருப்பா" என்றேன். "இது அந்தப் பூசணம் இல்லப்பா, வேற வகை. யாரையும் ஒண்ணும் செய்யாது" என்றாள். நான் கேட்காமலே சொன்னாள்.

அமிலத்தில் கரைத்து, செம்பைப் பிரித்து, காய்ச்சியதும் தங்கம் தூளாகி, தண்ணீரே ரத்தச் சிவப்பாகிவிட்டது. அவ்வளவு பொடியானால் தங்கத்தின் நிறம் அதுதானாம். "எங்கம்மா தங்கம் செவப்பு" என்று சிரித்தாள். உங்கள் தங்கைக்குச் சிவப்பே ஆகாது. பூசணத்தைப் போட்டாள், வெள்ளையாய்த் துளிர்த்தது. என்னைப் பார்க்கக் கூட்டிப்போனாள். குடுவையைத் திறந்து வைத்திருந்த நேரம் போன் வந்து வெளியே போனாள். குடுவையின் வாயோரம் ஒரு பொட்டு வெள்ளை. என் சட்டைப்பையில் பூசண மருந்தில் நனைத்த துணி எப்போதும் இருக்கும். துடைக்கக் கை தானாகப் போயிற்று. துணியிலிருந்து உள்ளே சொட்டியது. சிவப்பு நீலமாகி, கறுத்து, செத்த பூசணத்தோடு அடியில் போய்ப் படிந்தது. மகள் வந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அது சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சுப்பா" என்றாள், அவ்வளவுதான். பழக்கதோஷம் என்று அவளிடம் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அந்த வெள்ளையைப் பார்த்தபோது எனக்கு அலமாரிதான் தெரிந்தது. என்னைப் பற்றி நானே ஒரு வார்த்தை சொன்னேன். எழுத மாட்டேன் என்கிறார் தையல்காரர். உங்களுக்குத் தெரிந்த வார்த்தைதான், இவ்விடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே கொடுக்க ஒன்றுமில்லை, வர வேண்டாம். உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் மூச்சுமுட்டாமல் நெடுங்காலம் வாழட்டும். உங்கள் வீட்டு அலமாரியை ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்.

இப்படிக்கு,
கைநாட்டு

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மகள் வந்தாள். சிவப்புத் தண்ணீரில் பாதியை முன்பே வேறு குடுவையில் ஊற்றி, என் கண்ணில் படாமல் வைத்திருந்தாளாம். அந்தப் பூசணம் பிழைத்திருக்கிறது. தண்ணீர் தெளிந்து, தங்கமெல்லாம் அதன்மேல் ஏறிவிட்டதாம். உலையில் வைக்குமுன் மாமா பார்க்கட்டும் என்கிறாள். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாமல் உடனே புறப்பட்டு வாருங்கள். மருந்துத் துணியை வீட்டிலேயே போட்டுவிட்டு வருவேன். என்றாலும் ஆய்வுக்கூடத்துக்குள் போகும்போது நீங்கள் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.