தானாக ஓடிய மழை

கொழும்பில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் வீட்டுக்குப் போன் பேசும்போது கவனித்துப் பாருங்கள். குரலில் ஒரு கலகலப்பு இருக்கும். பின்னால் யாரோ காத்துக்கொண்டிருப்பது போல ஓர் அவசரமும் இருக்கும். நான் அதை இன்னும் கொஞ்சம் கூட்டி, "சரிம்மா, கூட்டாளிமாரு கூப்பிடுறாங்க, வைக்கிறேன்" என்று முடிப்பேன். எந்தக் கூட்டாளியும் கிடையாது. அறையில் நானும், ஒரு ரைஸ் குக்கரும், ஒரு மின்விசிறியும்தான். (அந்த மின்விசிறியும் பாதி நேரம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும்.)

பொய்க்குக் காரணம் இருந்தது. எங்கள் வீடு கொடகவெலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில். அப்பா இறந்து, அக்காவும் கலியாணமாகிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போன பிறகு அங்கே அம்மா மட்டும்தான். கொழும்பில் வேலை கிடைத்தபோது அம்மா தடுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "அங்க ஒனக்குன்னு நாலு பேர் இருந்தா இரு. ஆள் இல்லாம கெடந்து காயாத. தோட்டத்து ஆபீஸ்ல கிளாக்கர் வேல கெடக்கு, வந்துரு."

லயத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் போன வேகத்தில் திரும்பிவந்து கொழுந்து நிறை எழுதுவதா? மானம் போய்விடும். எனவே அம்மா கேட்ட நாலு பேரையும் நானே உண்டாக்கினேன். பெயர் வைத்தேன். அவர்களோடு காலிமுகத்திடல் கடற்கரைக்குப் போனேன், சினிமாவுக்குப் போனேன். ஒருவனுக்கு டெங்குகூட வந்தது. (அம்மா அவனுக்காக மாதா கோவிலில் மெழுகுவர்த்தி கொளுத்தினார்.)

வேலை, கட்டணத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றில். கூரையில் டிஷ் பூட்டி, டீவிக்குக் கீழே ஒரு பெட்டி வைத்துச் சனல் காட்டுவார்களே, அதுதான். சனங்கள் டிஷ்ஷை விட்டுவிட்டு இன்டர்நெட்டில் படம் பார்க்கப் பழகிவிட்டதால், அந்த இன்டர்நெட் சேவைகளையும் அதே பெட்டிக்குள் கொண்டுவந்து, ஒரே ரிமோட், ஒரே கணக்கு என்று விற்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். அது ஒழுங்காக நடக்கிறதா என்று சோதிப்பது நான். அதாவது, நாள் முழுக்க ரிமோட் அமுக்குவேன். படத்திலிருந்து வெளியே வந்தால் விட்ட சனலுக்கே திரும்ப வேண்டும். அது பிடிவாதமாக ஒரு சமையல் நிகழ்ச்சிக்குப் போகும். பிழை என்று எழுதிக் கொடுப்பேன். திருத்துவார்கள். பிறகு வேறொரு சமையல் நிகழ்ச்சிக்குப் போகும். அக்காவின் கணவர் இதைக் கேட்டுவிட்டு, டீவி பார்க்கச் சம்பளம் கொடுக்கிற கம்பனியில் இன்னும் ஆள் எடுப்பார்களா என்று விசாரித்தார்.

இத்தனை பேர் இருக்கும் ஆபீசில் ஒரு கூட்டாளிகூடவா கிடைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் என் கெட்டிக்காரத்தனம்தான் காரணம். என் பெயர் அன்டன். சிங்களம் கொடகவெலைக் கடைத்தெருவிலேயே பழகியது, பிசிறில்லாமல் வரும். முதல் நாளே எல்லோரும் என்னை நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கன் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. பக்கத்து மேசையில் இருந்த ரிஸ்மி வரக்காப்பொலக்காரர், முஸ்லிம். வீட்டில் தமிழ்தான் பேசுவார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அறிமுகமானபோது சிங்களத்தில் தொடங்கிவிட்டோம். மறுநாள் தமிழுக்கு மாறினால், நேற்று ஏன் மறைத்தாய் என்று கேட்பார். ஒரு மாதம் கழித்து மாறினால் இன்னும் கேவலம். இப்படியே தள்ளிப் போட்டு, இரண்டு தமிழ் வாய்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சிங்களத்திலேயே காலம் தள்ளின. அம்மாவின் அழைப்பு வந்தால் மட்டும் படிக்கட்டுக்கு ஓடுவேன். அன்றாடம் நான் தமிழ் பேசியது அங்கேதான். அதிலும் பாதி பொய்.

வேலை முடிந்து அறைக்கு வந்தால் பேச ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போய்வருவேன். அதற்குப் பிறகு கடைக்காரரிடம் ஒரு பாண் ரொட்டி கேட்பதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். எனக்கு அது பயங்கரமாக இருந்தது. இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அன்று சில நாள் அழுதிருக்கிறேன். ஆகவே போனில் எதையாவது ஓடவிட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு ஆளுக்கு மட்டும் பருப்புக்கறி வைப்பது எப்படி என்று ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தார், அதைப் பல தடவை பார்த்தேன், பருப்புக்காக அல்ல, அவர் "சரியா, விளங்குதா?" என்று கேட்பார் என்பதற்காக. படுக்கும்போது தகரக் கூரையில் மழை பெய்யும் வீடியோவைப் போடுவேன். வேறொன்றும் கிடையாது, மணிக்கணக்காக மழைதான். லயத்தில் வளர்ந்தவனுக்கு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் பிடிப்பதில்லை.

கிறிஸ்மஸுக்கு முன்னால் ஆபீசில் சோதனையாளர்களுக்கு ஆளுக்கொரு புதுப் பெட்டி கொடுத்து, வீட்டில் வைத்துப் பாவித்துப் பாருங்கள் என்றார்கள். என் அறையில் டீவியே இல்லை. அதை வெளியில் சொல்லக் கூச்சம். பேசாமல் பெட்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். ஜன்னல் கம்பியில் ரூட்டரைக் கட்டி, எங்கள் காம்பராவில், அதாவது லயத்து அறையில், இருந்த பழைய டீவியில் பெட்டியைப் பூட்டி, அப்போதைக்கு என்று நான் போனில் பார்க்கும் கணக்கையே போட்டேன். பக்கத்துக் காம்பரா மேரியக்காவும் வந்து உட்கார்ந்துவிட்டார். ரிமோட்டில் இருக்கிற அத்தனை பட்டனையும் பார்த்து அம்மா பயந்ததால் நான் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்தேன்: நீலப் பட்டனை அமுக்குங்கள், மேல் வரிசையில் முதல் படத்தை அமுக்குங்கள், வேறெதையும் தொடாதீர்கள்.

விடுமுறை முடிந்து கொழும்புக்கு வந்துவிட்டேன். பெட்டியிலிருந்து என் கணக்கை நீக்க மறந்துவிட்டேன். அந்த மேல் வரிசைக்குப் பெயர் 'தொடர்ந்து பார்க்க'. போனில் பாதியில் விட்டதைப் பெட்டியில் விட்ட இடத்திலிருந்தே பார்க்கலாம், பெட்டியில் விட்டதைப் போனில் பார்க்கலாம். இதைச் சோதித்து, பிரமாதம் என்று சான்றிதழ் கொடுத்தவனும் சாட்சாத் நானேதான்.

ஜனவரியில் பேய் வேலை ஆரம்பித்தது. பருப்புக்கறியைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். திரும்பிவந்து பார்த்தால் பெரியவர் பருப்பை இறக்கி வைத்துவிட்டு நன்றி சொல்லிக்கொண்டிருப்பார். மழை வீடியோவின் கீழே, எவ்வளவு பார்த்தாயிற்று என்று காட்டும் சிவப்புக் கோடு, நான் தொடாமலே நாளுக்கு நாள் வளர்ந்தது. ஆபீசின் சோதனைக் கணக்குகளில் இது நடக்கவில்லை. என் கணக்கில் மட்டும் தவறாமல் நடந்தது. கொஞ்சம் மூளையுள்ளவன் இந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். நானோ, உலகமே கவனிக்காத ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். 'படம் தானாக ஓடுகிறது' என்று அறிக்கை எழுதி, இதைத் திருத்தும்வரை பெட்டியை விற்கவே கூடாது என்ற உச்ச எச்சரிக்கையையும் சேர்த்தேன்.

வெளியீட்டை நிறுத்திவிட்டார்கள். கூட்டம் வைத்தார்கள். எங்கள் பகுதித் தலைவி, நாங்கள் மெடம் என்று கூப்பிடுகிறவர், மேசையின் தலைமாட்டில். பெட்டியின் மென்பொருளை எழுதிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் மடிகணினித் திரையில். ரிஸ்மி என் பக்கத்தில். சுவரில் ஒரு பெரிய டீவி. என் கணக்கைத்தான் திறந்து காட்ட வேண்டும் என்பது தெரிந்ததால், கூட்டத்துக்கு முந்தின நாளே ஆங்கிலத்தில் திமிங்கலங்களைப் பற்றிய ஒரு விவரணப் படத்தைக் கொஞ்சம் ஓடவிட்டு வைத்திருந்தேன். வரிசையில் அதுதான் முதலில் நிற்கும், பார்ப்பவர்கள் என்னை அறிவாளி என்று நினைப்பார்கள் என்பது திட்டம்.

டீவியில் வரிசை வந்தது. முதலில் நின்றது மழை. அடுத்தது பருப்பு, 'ஒரு ஆளுக்கு' என்ற தலைப்போடு. திமிங்கலம் எங்கோ பின்னால் போயிருந்தது. மெடம் அந்தப் படங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படங்களைப் பார்த்தார். ஏதாவது கேட்டிருந்தால்கூடத் தேவலாம்.

வெட்கத்தை மறைக்க நான் சிங்களத்தில் பிரசங்கம் செய்யத் தொடங்கினேன். சிவப்புக் கோட்டைப் பாருங்கள், பாதியைத் தாண்டிவிட்டது, இந்த மழையை இவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்க்கிற மனிதர் பூமியில் யாராவது இருப்பார்களா, ஆகவே இது பெட்டியின் கோளாறுதான் என்று அடித்துச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மெடம் திரையைப் புதுப்பித்துப் பார்த்தார். கோடு இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்போது அந்த வெளிநாட்டுக்காரர் அமைதியாக ஒரு கேள்வி கேட்டார். வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுத்த பெட்டி இப்போது எங்கே இருக்கிறது?

தோட்டத்தில் என்று மெல்லச் சொன்னேன். அங்கே யார் என்று மெடம் கேட்டார். அம்மா என்றேன். எடுத்துப் பேசு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வை என்றார். படிக்கட்டுக்கு ஓட வழியில்லை. போனை மேசை நடுவில் வைத்தேன்.

"அம்மா, இப்ப டீவியில என்ன ஓடுது?"

"மழதான் தம்பி. நானும் மேரியும் ஒக்காந்திருக்கோம். நேத்து நீ ஏதோ திமிங்கலம் பாத்திருந்த, அது எங்களுக்கு வெளங்கல. மேரிதான் அதத் தள்ளிட்டு மொதல்ல பருப்ப, அப்புறம் மழையப் போட்டா. இங்க நெசமாவே பேயுது, கூர மேல அடிக்கிற சத்தத்துல டீவி மழ கேக்கவே மாட்டேங்குது."

ரிஸ்மி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். தமிழா நீ என்று அந்தப் பார்வை கேட்டது.

"நான் பாக்குறத ஏம்மா நீங்க பாக்குறீங்க?"

"நீதானே மொதப் படத்த அமுக்குன்னு சொன்ன. ரெண்டு நாள்லயே இது நீ பாக்குறதுன்னு தெரிஞ்சிருச்சு. நீ கூட்டாளிமாரோட சினிமாவுக்குப் போறேன்னு போன்ல சொல்லுவ. பொட்டியப் போட்டா, ரூம்ல பருப்பு பாத்துக்கிட்டு இருப்ப. ஒண்டியா பாக்குறானேன்னு நாங்களும் கூட ஒக்காந்துருவோம். நீ பாதியில விட்டா, வீணாப் போகக்கூடாதுன்னு மிச்சத்தையும் பாத்து முடிச்சிருவோம்."

அம்மா என்ன சொல்கிறார் என்று மெடம் சிங்களத்தில் கேட்டார். படம் தெளிவாகத் தெரிகிறதாம் என்றேன். மெடம் நம்பவில்லை. ரிஸ்மியின் பக்கம் திரும்பி, நீ சொல் என்றார். அவரும், ஆமாம் மெடம், படம் மிகத் தெளிவாகத் தெரிகிறதாம் என்றார்.

வெளியே வந்ததும் ரிஸ்மி என் தோளில் கைவைத்தார். "ஞாயித்துக்கெழம வரக்காப்பொலக்கு வாங்க. எங்க உம்மா சோறாக்கினா ஊருக்கே ஆக்குவா." அவர் என்னிடம் பேசிய முதல் தமிழ் அது. வருகிறேன் என்று தலையாட்டினேன்.

கோட்டை வளர்த்தது அம்மாதான், பெட்டியில் பிழையே இல்லை என்று தெளிவான பிறகும் வேலை போகவில்லை. வெளியீடு பிந்தியதற்கு நல்ல ஏச்சு கிடைத்தது. பெட்டியை முதன்முதலில் பூட்டும்போதே 'யார் பார்க்கிறீர்கள்?' என்று கேட்டு ஆளுக்கொரு பக்கம் திறக்க வைக்க வேண்டும் என்று மெடம் புது விதி போட்டார்.

அடுத்த விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனபோது, சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்துவிடு என்று அம்மா சொல்வார் என்றுதான் பயந்தேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் படியேறினேன். அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "ஒண்டியா இருந்தா ஒண்டியா இருக்கேன்னு சொல்லிட்டு இரு தம்பி. வரச்சொல்ல மாட்டேன். அந்த டெங்குக்காரனுக்கு எத்தன மெழுகுவர்த்தி கொளுத்தினேன் தெரியுமா?"

அதற்குப் பிறகு கதை கொடகவெலைப் பக்கமெல்லாம் பரவிவிட்டது. இன்றும் எந்தக் கலியாண வீட்டிலும், ஞானஸ்நான விருந்திலும் அக்காவின் கணவர் என்னை அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரித்தான்: "இவருதான் பெத்த அம்மா மேலயே கம்பனிக்குக் கம்ப்ளைன் குடுத்தவரு." ரிஸ்மி குடும்பத்தோடு வந்திருந்தால், அவர் சாட்சி சொல்லிச் சிரிப்பார்.

புது விதியின்படி அம்மாவுக்கும் ஒரு தனிப் பக்கம் திறந்து, அவருடைய பெயரைத் தமிழில் போட்டு, புகைப்படமும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். அது இன்றுவரை காலியாகவே கிடக்கிறது. அம்மா நேரே என் பக்கத்துக்குத்தான் போகிறார். உங்களுக்கென்று சொந்தமாக ஒன்று இருக்கும்போது ஏன் அதற்குப் போவதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"போய்ப் பாத்தேன் தம்பி," என்றார் அம்மா. "அங்க யாருமே இல்ல. திரும்பி வந்துட்டேன்."