கடலைத் தொடாத ஆகாசம்

ஒரு விரலைக்கூட நனைக்காமல் கடலைப் பற்றி அவ்வளவு பேசியவர் உலகத்திலேயே ஆகாசம் ஒருவர்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், எங்கள் நீர்ப் பரிசோதனை அலுவலகத்தில், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக் கடல் எங்கே கலங்கியிருக்கிறது என்று சொல்வது அவர் வேலை. படகில் போய்க் கடல்நீரைப் பாட்டிலில் பிடித்து வருவது என் வேலை. நான் ஓய்வு பெற்றும், அவர்மேல் எனக்கிருந்த பொறாமை ஓய்வு பெறவில்லை.

பாட்டிலை அதே நீரில் மூன்று முறை அலசி, சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, வெயிலில் கருகித் திரும்புவேன். ஏசி அறையில் ஆகாசம் கடலுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு பூசி வைத்திருப்பார். அலுவலகம் பார்க்க வருகிறவர்கள் அவர் திரையைப் பார்த்து 'அடடா' என்பார்கள். என் பாட்டிலைப் பார்த்து யாரும் அடடா என்றதில்லை. ஒருவர் தாகமென்று கேட்டார்.

செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தில் ஆகாசம் வாசலுக்கு வந்து தலை வாரிக்கொள்வார்.

"இன்னாய்யா இது?"

"மேல போட்டோ புடிச்சிக்கினு போவுது சார். உங்களுக்கு அந்த பேஜாரே இல்ல" என்றார், என் வழுக்கையைப் பார்த்து.

ஒருநாள் படத்தில் பழவேற்காட்டு முகத்துவாரம் சிவந்து கிடந்தது. மேலதிகாரி துள்ளினார். "ஆலைக் கழிவுதான்! நோட்டீஸ் அனுப்புங்க. படமே சொல்லிடுது, இனிமே படகு எதுக்கு?"

என் வேலை போயிற்று என்று நினைத்தேன். ஆகாசம் காதைக் குடைந்தார்.

"அவசரப்படாதீங்க சார். அங்க ஆழம் கம்மி. அடிமண்ணு தெரிஞ்சாக்கூட செவப்பாத்தான் காட்டும். இவரு பாட்டில் வந்தாத்தான் நான் கையெழுத்து போடுவேன்."

படகு பிழைத்தது. எனக்கு வயிறு இன்னும் எரிந்தது. பெருந்தன்மையிலும் அவரே முந்திவிட்டாரே!

செயற்கைக்கோள் கடக்கும் அதே வேளையில் நீர் எடுத்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும் என்று, அடுத்த முறை அவரும் படகேறினார். முகத்துவாரத்தில் நீர் தெளிவாகத்தான் இருந்தது, கீழே மணல் தெரிந்தது. முதல் அலை தூக்கியதும் ஆகாசம் தின்றதெல்லாம் கடலில்.

"சார்... அந்தாண்ட போய் ரொப்புங்க சார்... இங்க கலங்கிடுச்சி..."

படகோட்டி அவர் தலையைப் பிடிக்க ஓடிவந்தார். "நீ போய் இன்ஜினைப் பாருய்யா" என்று அதட்டிவிட்டு, அந்த நெற்றியை நானே பிடித்துக்கொண்டேன்.