பல்லவி இல்லாத பொல்லடி

இருபத்திரண்டு வயதில் எனக்கு இரண்டு நோய்கள் இருந்தன. ஒன்று மலேரியா, கொயினா குடித்தேன், போய்விட்டது. மற்றது கவிதை.

ஐம்பதுகளின் நடுவில், ஆசிரியர் பயிற்சி முடித்துக் கல்முனைக்குடிக்குத் திரும்பியிருந்தேன். (ஊரைத் திருத்த ஒருவர் வந்துவிட்டதாக எனக்கு எண்ணம்.) அந்த மாதம் மச்சான் காதருக்குச் சாய்ந்தமருதில் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பொல்லடி ஆட எட்டுப் பேர். கம்போடு கம்பு தட்டிச் சுற்றிச் சுற்றி ஆடுகிற ஆட்டம் அது. பாட்டுப் படிக்கிற அண்ணாவியாருக்குத் தொண்டை கட்டிப்போக, படித்த பிள்ளையென்று என்னைக் கூப்பிட்டார்கள்.

பழைய பாட்டைப் பார்த்தேன். இரண்டு வரிக்கு ஒருமுறை அதே பல்லவி. சொன்னதையே பன்னிரண்டு தரம் சொல்ல இதென்ன வாய்ப்பாடா? பல்லவியை வெட்டி எறிந்துவிட்டு, ஒன்றைப்போல் ஒன்றில்லாத இருபத்து நான்கு வரிகள் எழுதினேன்.

ஆட்டக்காரரில் மூத்தவர் நெசவுக்கார மீராலெப்பை காக்கா. தாளைப் பார்த்துத் தயங்கினார்.

"தம்பி, பல்லவி வந்தாத்தானே நாங்க திரும்புற. இதுல எங்க திரும்புற?"

"கவிதையக் கவனிச்சுக் கேளுங்க காக்கா. தானாத் திரும்புவீங்க."

(அப்போதே எனக்கு ஓர் அறை விட்டிருக்கலாம். படித்தவனுக்கு ஊரில் அவ்வளவு மரியாதை.)

அஸர் தொழுகைக்குப் பின் ஊர்வலம் புறப்பட்டது. நான்கு வரி வரை எல்லாரும் பல்லவிக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஐந்தாவது வரியில் நான்கு பேர் நம்பிக்கையிழந்து திரும்பினார்கள். மற்ற நான்கு பேர் திரும்பவில்லை. கம்பு முழங்கையில் விழுந்தது, தோளில் விழுந்தது, ஒருவருடைய தொப்பி வேலிக்கு அப்பால் போனது. நானோ கண்ணை மூடிக்கொண்டு உவமைகளில் இருந்தேன்.

குடைக்குக் கீழே நின்ற காதருக்குப் பொறுக்கவில்லை. ஆட்டத்தைக் காப்பாற்றப் பழைய பல்லவியைத் தானே உரக்கப் பாடிக்கொண்டு முன்னே வந்தான். பல்லவி காதில் விழுந்ததும் எட்டுப் பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அன்று ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான். மீராலெப்பையின் கம்பு மாப்பிள்ளையின் திறந்த வாயில் போய் நின்றது.

முன்பல் ஒன்று பாதியாயிற்று. நிக்காஹ் சபையில், வீங்கிய உதட்டோடு அவன் சொன்ன சம்மதம் நிக்காஹ் நடத்த வந்த பள்ளிவாசல் லெப்பைக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்றாம் தரம்தான் விளங்கியது. பெண்ணின் வாப்பா ஒவ்வொரு தரமும் என்னையே பார்த்தார்.

சோற்றுக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்து, என் கவிதைத் தாள்களையெல்லாம் அடுப்பில் வைத்தேன். அவற்றால் உலகுக்குக் கிடைத்த ஒரே பயன் உம்மா போட்ட தேத்தண்ணி.

காதருக்கு ஐந்து பிள்ளைகள். வாப்பாவின் பல் எப்படி உடைந்ததென்று ஒவ்வொன்றும் ஒரு வயதில் கேட்டது. நான் அந்த வீட்டுக்குப் போகும்வரை பொறுத்திருந்துதான் அவன் பதில் சொல்வான்.

"மாமா எழுதின பாட்டுல ஒரு வரி குறைஞ்சு போச்சு மகன். அதாலதான்."